ஒற்றைப்படை நாள், இரட்டைப்படை நாள்

2024 ஜனவரி 9, மதியம் மூணு மணி தாண்டி கொஞ்ச நேரம். தைவான்ல நான் படிச்ச ஷின்ச்சு ஊர்ல, எங்க லேப்ல ஃபர்னஸ் சூடாகட்டும்னு காத்துட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு ரூம்ல இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்துல அலறுச்சு. நிலநடுக்கத்துக்கு வர்ற சத்தம் மாதிரியேதான், ஆனா தரை ஆடல. போனை எடுத்துப் பார்த்தா மேல சீன எழுத்து, கீழ இங்கிலீஷ். எனக்கு சீன எழுத்து அவ்வளவா வராது, அதனால கண்ணு நேரா கீழதான் போச்சு. வான்தாக்குதல் எச்சரிக்கை, தைவான் வான்பரப்புல ஏவுகணை பறக்குது, கவனமா இருங்கன்னு இருந்துச்சு.

அந்த நிமிஷம் எனக்கு மூச்சே நின்ன மாதிரி ஆயிடுச்சு. எந்தப் பக்கம் ஓடணும், பாஸ்போர்ட் எங்க வெச்சேன், அம்மாவுக்கு முதல்ல போன் போடணுமா, எதுவும் புரியல. எதிர்ல எங்க லேப் சீனியர் அக்கா போனை ஒரு தடவை பார்த்துட்டு கவுத்து வெச்சுட்டு மறுபடியும் தராசுல பவுடர் நிறுக்க ஆரம்பிச்சாங்க. என் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான், "சாட்டிலைட் சாட்டிலைட், பயப்படாத"ன்னாங்க. சீன எழுத்துல சாட்டிலைட்னு சரியாத்தான் போட்டிருந்தாங்க, இங்கிலீஷ்ல மட்டும் ஏவுகணைன்னு வந்துருச்சு. சீனா ஒரு விண்வெளி ஆய்வு சாட்டிலைட்ட ஏவியிருக்கு, அந்த ராக்கெட் தைவானோட தெற்குப் பக்கம் ரொம்ப உயரத்துல கடந்து போயிருக்கு, அவ்வளவுதான். பாதுகாப்பு அமைச்சகமே அப்புறம் மன்னிப்பு கேட்டுச்சு. ஜனாதிபதி தேர்தலுக்கு அப்போ சரியா நாலு நாள் இருந்துச்சு.

ஈரோட்டுல அம்மா டிவில பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டாங்க. "கண்ணு, அங்க என்னமோ குண்டு போடறானாம்ல, டிவில போட்டுட்டே இருக்கறாங்க, படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கெளம்பி வந்துரு கண்ணு." சாட்டிலைட்மா, தப்பா போட்டுட்டாங்கன்னு நான் சொன்னதை அவங்க நம்பல.

அன்னைக்கு எனக்கு உறுத்துன விஷயம் வேற. அந்த அக்கா எப்படி அவ்வளவு சாதாரணமா இருந்தாங்க? சீன எழுத்து படிக்க வந்ததால மட்டும்னு எனக்குத் தோணல. அப்புறம்தான் தெரிஞ்சுது அவங்க கின்மென்காரங்கன்னு.

கின்மென்னு நம்மூர்ல சொன்னா யாருக்கும் தெரியாது, தைவான்னா தெரியும். மேப்ல பாருங்க, தைவான் தீவுக்கும் சீனாவுக்கும் நடுவுல இருக்கற ஜலசந்தி ரொம்ப குறுகின இடத்துலயே சுமார் 130 கிலோமீட்டர். ஆனா கின்மென் தைவான் பக்கத்துல இல்லவே இல்ல. சீனாவோட ஷியாமென் நகரத்துக்கு வாசல்ல இருக்கு. சீனா கையில இருக்கற குட்டித் தீவுகள்ல சிலது கின்மென்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. தைவான்ல இருந்து பார்த்தா 200 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். 1949ல கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவோட படைகிட்ட தோத்து, அதுவரைக்கும் சீனாவை ஆண்ட சியாங் கை-ஷேக் தைவானுக்கு போனப்போ கையவிட்டுப் போகாம நின்ன சில தீவுகள்ல இதுவும் ஒண்ணு. அந்த வருஷம் அக்டோபர் 25 விடியக்காலைல சுமார் 9,000 சீன வீரர்கள் படகுல வந்து குனிங்தோ கரையில இறங்கியிருக்காங்க. வந்த படகு திரும்பிப் போய் அடுத்த செட்டை ஏத்திட்டு வரணும்கறதுதான் திட்டம். கடல் வத்திருச்சு, படகெல்லாம் மணல்லயும் தடுப்புலயும் சிக்கிருச்சு, அடுத்த செட் வரவே இல்ல. மூணு நாள்ல எல்லாம் முடிஞ்சுபோச்சு. தைவான் இன்னைக்கு தனியா இருக்கறதுக்கு பல காரணம் சொல்லுவாங்க, அதுல அந்த ஒரு விடியக்காலை வத்துன தண்ணியும் ஒண்ணு.

2024 சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10ல வந்துச்சு. ஹாஸ்டல்ல தனியா இருக்காத, எங்க ஊருக்கு வான்னு அந்த அக்கா கூப்பிட்டாங்க. அங்க மூத்த மாணவிய ஷுவேஜியேன்னு கூப்பிடுவாங்க, படிப்புல மூத்த அக்கான்னு அர்த்தம், அதனால நான் மனசுக்குள்ள அக்கான்னே வெச்சுக்கிட்டேன். தைப்பேய் சோங்ஷான் ஏர்போர்ட்ல இருந்து ஒரு மணி நேர ஃபிளைட். போற வழியில ஒண்ணு கவனிச்சேன், கின்மென்காரங்க தீவை விட்டு இந்தப் பக்கம் வர்றதைப் பத்தி பேசுனா "தைவானுக்குப் போறேன்"னுதான் சொல்றாங்க. அவங்க இருக்கறது தைவான் இல்லைங்கற மாதிரி. முதல்ல எனக்கு வித்தியாசமா இருந்துச்சு, ஆனா வரலாறு படிச்சா அது நெசம்தான். 1895ல சீனா ஜப்பானுக்கு எழுதிக் கொடுத்தது தைவானையும் பெங்ஹூ தீவுகளையும், கின்மென் அதுல இல்ல. இன்னைக்கும் தைவான் அரசு கணக்குல கின்மென் ஃபூஜியன் மாகாணம்தான். எதிர்க்கரையில சீனாவும் ஒரு ஃபூஜியன் மாகாணம் வெச்சிருக்கு. ரெண்டு கரையிலயும் பேசறது ஒரே மின்னான் மொழி.

அக்காவோட பாட்டிய அமான்னு கூப்பிடுறாங்க. மின்னான்ல பாட்டின்னு அர்த்தம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஒட்டிக்கிச்சு. அமாவுக்கு 74 வயசு, குள்ளமா, கையெல்லாம் சின்னச்சின்ன வெட்டுத் தழும்பு. குனிங்தோ பக்கம் கடல்ல வரிசையா கருங்கல் தூண் நட்டு அதுல சிப்பி வளர்க்கிறாங்க, தண்ணி வத்துனதும் நடந்து போய் சுரண்டி எடுத்துட்டு வந்து வீட்டு வாசல்ல ஒரு முக்காலி போட்டு உக்காந்து உடைப்பாங்க. நான் கூடப் போனேன். சேறு முழங்கால் வரைக்கும். அந்த சிப்பித் தூண் வரிசைக்கு கொஞ்சம் தள்ளி இன்னொரு வரிசை, ரயில் தண்டவாளத்தை வெட்டி, கூர் சீவி, கான்கிரீட்ல சாய்வா பதிச்சு சீனாவைப் பார்த்து நிக்க வெச்சிருக்காங்க. படகு வந்தா கிழிக்கறதுக்கு. அதுமேலயும் சிப்பி ஒட்டி வளர்ந்திருக்கு. அமா அதையும் சுரண்டுறாங்க.

அதுக்குப் பின்னாடி, கண்ணுக்கு நேரா, எதிர்க்கரைல வானத்தைத் தொடுற கட்டிடங்க. ராத்திரி ஆனா கலர் கலரா லைட்டு. நம்ம கண்ணு முன்னாடி இருக்கறது "எதிரி நாடு"ன்னு என்னால நினைக்கவே முடியல, ஆத்துக்கு அந்தக்கரை ஊர் மாதிரி இருக்கு. 2001 ஜனவரில இருந்து படகு சர்வீஸ் இருக்கு, அரை மணி நேரத்துல ஷியாமென். 2018 ஆகஸ்ட்ல இருந்து குடிதண்ணியும் சீனாவுல இருந்து கடலுக்கடியில குழாய் வழியா வருது. வீட்டுக் குழாயைத் திறந்தா சீனாத் தண்ணி, கடற்கரைல சீனாவைக் குத்தறதுக்கு தண்டவாளம். இதுல எது பொய்? ரெண்டும் நெசம்தான், அந்த ஊர்க்காரங்க ரெண்டுலயும் வாழ்றாங்க.

அமா வீட்டு நடு ஹால்ல ஒரு தினசரி காலண்டர் தொங்குது. நம்ம வீட்டுல நல்ல நேரம் ராகு காலம் போட்டு கிழிப்போமே அதே மாதிரி, அவங்க சந்திர மாசக் கணக்கு, எந்த நாள் எதுக்கு நல்லது, எல்லாம் போட்டது. தினமும் காலைல அமாதான் கிழிப்பாங்க, வேற யாரும் தொடக்கூடாது. நான் அதைப் பார்த்துட்டு நின்னதும் அவங்களே ஆரம்பிச்சாங்க, அக்கா மொழிபெயர்த்தாங்க.

1958 ஆகஸ்ட் 23 சாயங்காலம், அமாவுக்கு எட்டு வயசு. எதிர்க்கரைல இருந்து பீரங்கிக் குண்டு மழை மாதிரி விழ ஆரம்பிச்சுது. 44 நாள்ல சுமார் 4,70,000 குண்டு. தீவே மொத்தம் 150 சதுர கிலோமீட்டர்தான். நம்ம ஒரு தாலுகாவை விட சின்ன இடம், அதுல நாலே முக்கால் லட்சம் குண்டுன்னா யோசிச்சுப் பாருங்க. அமாவும் தம்பியும் பதுங்குகுழிக்குள்ள ஈரத் தரையில இருந்திருக்காங்க, சத்தம் வர்றப்பல்லாம் அவங்க அம்மா ரெண்டு பேர் காதையும் கையால பொத்துவாங்களாம், பொத்துறதுக்கு மூணாவது ஜோடிக் கை இல்லாததால அவங்க அம்மாவுக்கு கடைசி வரைக்கும் காது சரியாக் கேக்கலையாம். இதைச் சொல்றப்போ அமா கை சிப்பி உடைக்கிறதை நிறுத்தவே இல்ல.

அந்தக் குழிக்குள்ள இருந்தவங்களுக்குத் தெரியாத கதை ஒண்ணு இருக்கு. அந்தக் குண்டு அவங்களுக்காகப் போட்டதே இல்ல. 1954 கடைசியிலயே அமெரிக்கா தைவானோட பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுருச்சு, அதுல பேர் சொல்லி எழுதுனது தைவானையும் பெங்ஹூவையும்தான், கின்மென்னை வேணும்னே தெளிவில்லாம விட்டுட்டாங்க. அமெரிக்கா எதுவரைக்கும் வரும்னு மாவோ குண்டு போட்டுப் பார்த்தார். அமெரிக்கா விமானம் தாங்கிக் கப்பல்களை அனுப்புச்சு. மாவோ இந்தத் தீவுகளை அமெரிக்கா கழுத்துல இருக்கற சுருக்குக் கயிறுன்னே சொன்னார், வேணுங்கறப்போ இறுக்கலாம், வேண்டாங்கறப்போ விடலாம்னு. அமெரிக்காவோ இந்தத் தீவுல இருந்து படையைக் குறைச்சுக்கோன்னு சியாங் கை-ஷேக்கை நெருக்குச்சு, அவர் கேக்கல. அந்த நேரம் அமெரிக்க ராணுவத் தலைமைல இருந்தவங்க சீன விமானத் தளங்கள் மேல அணுகுண்டு போடற அளவுக்கு திட்டம் வெச்சிருந்தாங்க, பதிலுக்கு சோவியத் தைவான் மேல அணுகுண்டு போடலாம்னு தெரிஞ்சும் அதை ஏத்துக்கத் தயாரா இருந்தாங்க. ஜனாதிபதி ஐசனோவர்தான் முதல்ல சாதாரண ஆயுதத்தோட நிறுத்துங்கன்னு சொன்னார். இதெல்லாம் எழுதியிருந்த 1966ம் வருஷத்து ரகசிய ஆய்வோட மறைச்சு வெச்சிருந்த பக்கங்களை, வியட்நாம் போர் ரகசியங்களை வெளியிட்ட அமெரிக்கர் டேனியல் எல்ஸ்பெர்க் 2021ல வெளிய கொண்டுவந்தார். அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு வேலையே ஓடல. எட்டு வயசுப் பொண்ணு குழிக்குள்ள இருக்கு, உலகத்தோட மறுகோடில ஒரு ரூம்ல உக்காந்து அந்தத் தீவுக்காக எத்தனை ஊர் எரியலாம்னு கணக்கு போட்டிருக்காங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகல. அக்டோபர் கடைசியில சீனா ஒரு அறிவிப்பு விட்டுச்சு. இரட்டைப்படை தேதில சுட மாட்டோம். அப்போ ஒற்றைப்படைத் தேதில சுடுவோம். அப்படியே நடந்துச்சு, ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, 1979 ஜனவரி 1 வரைக்கும். இருபது வருஷம்! போகப்போக குண்டுக்குள்ள வெடிமருந்துக்கு பதிலா பிரச்சார நோட்டீஸ் வெச்சு அனுப்புனாங்க, இந்தப் பக்கமும் பதிலுக்கு அதையே செஞ்சாங்க, ஆனா நோட்டீஸ் குண்டோட இரும்பு உறையும் கூரை மேல விழுந்தா ஆள் சாவுதான். இரட்டைப்படை நாள்ல கல்யாணம், சந்தை, சாமி கும்பிடறது. ஒற்றைப்படை நாள்ல சாயங்காலம் ஆனா குழிக்குள்ள. அமா கல்யாணம் ஒரு இரட்டைப்படைத் தேதிலதான். காலண்டர்ல நல்ல நாள் பார்க்கறதுக்கு முன்னாடி தேதியப் பார்ப்போம்னு சொன்னாங்க.

1979 ஜனவரி 1ன்னா என்ன நாள்? அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரிச்சு தைவானோட அதிகாரபூர்வ உறவை வெட்டிக்கிட்ட நாள். ரெண்டு பெரிய நாட்டுக்கும் கை குலுக்க முடிவாச்சு, குண்டு நின்னுச்சு. ஆரம்பிச்சதும் அவங்களுக்காக, நின்னதும் அவங்களுக்காக. ஆனா கின்மென்ல ராணுவச் சட்டம் நிக்கல. தைவான்ல 1987ல எடுத்தாங்க, இங்க 1992 நவம்பர்லதான். அதுவரைக்கும் ராத்திரி லைட்டு வெளிய தெரியக்கூடாது, கேமரா ரேடியோ வெச்சுக்கறதுக்கு கட்டுப்பாடு, பேஸ்கட்பால் கூட சும்மா வெச்சுக்க முடியாது, ஏன்னா அதைக் கட்டிப் புடிச்சுட்டு யாராவது நீந்தி அந்தக் கரைக்குப் போயிருவாங்களாம். அக்காவோட அப்பா பள்ளிக்கூடத்துல பந்து வாங்க கையெழுத்துப் போட்ட கதைய சொன்னார்.

அன்னைக்கு விழுந்த குண்டோட எஃகை எடுத்து அங்க சமையல் கத்தி செய்றாங்க. பட்டறைக்கு கூட்டிட்டுப் போனாங்க. ஒரு துருப்பிடிச்ச குண்டு உறைய கேஸ் டார்ச்சால துண்டு போட்டு, உலையில வெச்சு, சுத்தியல் மெஷின்ல தட்டி, உரசி, பார்த்துட்டு இருக்கும்போதே கத்தி ஆயிடுது. ஒரு குண்டுல 60 கத்தி வரைக்கும் வருமாம். ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், இப்போ ஈரோட்டுல அம்மா அதுலதான் வெங்காயம் நறுக்குறாங்க, கத்தின்னா இதுதான் கத்திங்கறாங்க.

சரி, இப்போ நிலைமைக்கு வர்றேன். ஊர்ல யார்கிட்ட பேசுனாலும் தைவான் மேல சீனா கை வைக்காது, சிப் இருக்குல்ல, அமெரிக்கா விடாதுங்கறாங்க. உலகத்தோட ரொம்ப நவீனமான சிப்ல பத்துல ஒன்பது டிஎஸ்எம்சிதான் செய்யுது, அதோட தலைமையகம் நான் படிச்ச ஷின்ச்சுலதான் இருக்கு, தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். சிப் வாங்கறவங்களுக்கு அது முக்கியம்தான், நான் இல்லைங்கல. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் பூட்டுற ஃபாக்ஸ்கான் தைவான் கம்பெனிதான், அதனால அங்க ஒண்ணு ஆச்சுன்னா இங்க ஷிஃப்ட் போற பொண்ணுங்க வரைக்கும் தட்டும். ஆனா ஒரு ஊரைக் காப்பாத்துறதுக்கு அங்க இருக்கற ஃபேக்டரிதான் காரணம்னா, ஃபேக்டரி இல்லாத ஊரை யார் காப்பாத்துவா? கின்மென்ல சிப் இல்ல. அமெரிக்கா 1979ல கொண்டுவந்த தைவான் உறவுச் சட்டத்துலயும் தைவான்னா தைவான் தீவும் பெங்ஹூவும்னுதான் எழுதியிருக்கு. கின்மென்னும், அதே மாதிரி சீனக் கரையோரம் இருக்கற மாட்சூ தீவுகளும் அதுல இல்ல. அந்தச் சட்டத்துல கூட அமெரிக்கா வந்து சண்டை போடும்னு நேரா ஒரு வரி கிடையாது, ஆயுதம் கொடுப்போம், கவலையோட கவனிப்போம், அவ்வளவுதான். பைடன் ஜனாதிபதியா இருந்தப்போ, வருவோம்னு நாலு தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் அவரோட அதிகாரிகளே கொள்கை மாறலன்னு விளக்கம் கொடுத்தாங்க. சீனா 2005லயே சட்டம் போட்டு வெச்சிருக்கு, தைவான் பிரிஞ்சு போனா அமைதியில்லாத வழியும் எடுப்போம்னு. இத்தனைக்கும் இப்ப பெய்ஜிங்ல இருக்கற ஆட்சி தைவானை ஒரு நாள் கூட ஆண்டதில்ல. 2 கோடியே 30 லட்சத்துக்கு மேல ஜனங்க, 1996ல இருந்து தங்களோட ஜனாதிபதிய தாங்களே ஓட்டுப் போட்டு எடுக்கறவங்க, அவங்களைக் கேக்காம முடிவு பண்றது எனக்கு எந்த வகையிலயும் நியாயமாப் படல.

போர்னா எல்லாரும் ஒரு பெரிய நாளைக் கற்பனை பண்ணிக்கறாங்க, ஆயிரம் கப்பல், பாராசூட், டிவில லைவ். எனக்கு பயம் அது இல்ல. தைவான் பாதுகாப்பு அமைச்சகம் தினமும் காலைல ஒரு கணக்கு போடுது, போன 24 மணி நேரத்துல எத்தனை சீன விமானம், எத்தனை கப்பல்னு. 2022 ஆகஸ்ட்ல அப்போ அமெரிக்க சபாநாயகரா இருந்த நான்சி பெலோசி வந்துட்டுப் போனதுக்கு முன்னாடி வரைக்கும் ஜலசந்தி நடுவுல எழுதாத ஒரு கோடு இருந்துச்சு, அதைத் தாண்டுனா பெரிய செய்தி. இப்போ தாண்டாத நாள்தான் செய்தி. நான் போன புதுசுல அந்த எண்ணைப் பார்த்தா வயித்தைக் கலக்கும். ஆறு மாசத்துல வெயில் எத்தனை டிகிரின்னு பார்க்கற மாதிரி பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ணிட்டேன். பழகிருச்சு. தைவான் தனக்கு வேண்டிய எரிசக்தில 95 சதவீதத்துக்கு மேல வெளிய இருந்து வாங்குது, எரிவாயு கையிருப்பு ரெண்டு வாரத்துக்குக்கூட வராது. குண்டே போடாம, கப்பலை நிறுத்தி நிறுத்தி சோதனை பண்ணியே ஒரு தீவை மூச்சு முட்ட வைக்கலாம், ஒவ்வொரு நாளும் முந்தின நாளை விட கொஞ்சூண்டு அதிகம், எந்த நாளும் "இன்னைக்குத்தான் போர்"னு சொல்ற அளவுக்கு இருக்காது.

பிப்ரவரி 14 காலைல நான் கின்மென்ல இருந்து கிளம்பினேன். அமா ஒரு டப்பா நிறைய சிப்பியும் நூடுல்ஸும் கட்டிக் கொடுத்தாங்க, வாசல் வரைக்கும் வந்து நின்னாங்க. மதியம் கின்மென் பக்கத்துல ஒரு சீன ஸ்பீட் போட், பேரும் இல்ல பதிவும் இல்ல, சீனப் படகு வரக்கூடாதுன்னு தைவான் போட்ட தடை எல்லைக்குள்ள வந்துருச்சுன்னு தைவான் கோஸ்ட் கார்டு துரத்தியிருக்காங்க. படகு கவுந்துருச்சு. நாலு பேர்ல ரெண்டு பேர் செத்துட்டாங்க. மீன் புடிக்கப் போன வயித்துப் பாட்டு ஜனங்கதான் அவங்களும். துரத்துனதுக்கு வீடியோ பதிவு இல்லைன்னு தெரியவந்து பிரச்சனை இன்னும் பெருசாச்சு. நாலு நாள்ல சீனா அங்க தடை எல்லைன்னு ஒண்ணே கிடையாதுங்கற மாதிரி பேசி, இனிமே எங்க கோஸ்ட் கார்டு தொடர்ந்து ரோந்து வரும்னு அறிவிச்சுது. பிப்ரவரி 19ம் தேதி கின்மென் சுற்றுலாப் படகை நிறுத்தி, அதுல ஏறி அரை மணி நேரம் பேப்பர் பார்த்தாங்க. உள்ள இருந்த பாட்டிமாருங்க நாம ஊர் திரும்புவோமான்னு அழுதுட்டாங்களாம். செத்துப்போன ரெண்டு பேர் உடம்பும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஜூலை 30ம் தேதிதான், அஞ்சரை மாசம் குளிர்பெட்டிக்குள்ள. அந்த ரோந்து இன்னைக்கு வரைக்கும் நிக்கல, ஒவ்வொரு மாசமும் பல தடவை உள்ள வந்து ரெண்டு மணி நேரம் சுத்திட்டுப் போறாங்க. அக்காவோட அப்பா தண்ணி எப்போ வத்தும்னு பார்க்கற மாதிரியே இப்போ கப்பல் எப்போ வரும்னும் போன்ல பார்க்கறாராம். மறுபடியும் ஒரு டைம்டேபிள் வந்துருச்சு. இந்தத் தடவை அதை அறிவிக்கக்கூட இல்ல.

அந்தப் படகு கவுந்த செய்தி எனக்கு ஷின்ச்சு வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்தான் தெரியும். அக்கா புத்தாண்டுக்கு ரெண்டு நாள் கூடத் தங்கியிருந்தாங்க, உடனே போன் பண்ணேன். வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம், டிவி ஓடிட்டிருக்கு, அமாதான் காலண்டர் கிட்டயே நின்னுட்டு இருக்காங்கன்னாங்க. ஏன்னு கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. அமா கேட்டதையே கேக்கறாங்கன்னு சொன்னாங்க, இன்னைக்கு 14 தானே, இரட்டைப்படை ஆச்சேன்னு.